மேற்பார்வையாளர் பதவி எனக்கு வேண்டாம்

காலை ஐந்து ஐம்பது. உடை மாற்றும் அறையில் முதலில் கண்ணில் பட்டது, என் கொளுவியில் தொங்கிய பச்சைத் தொப்பி. கனடாவின் மொன்றியலில் நான் வேலை செய்யும் கோழி இறைச்சித் தொழிற்சாலையில் தொழிலாளர்களுக்கு வெள்ளைத் தொப்பி, மேற்பார்வையாளர்களுக்குப் பச்சை. யாரோ மாறி மாட்டிவிட்டார்கள் என்று நினைத்து, எங்கள் பகுதிக்குப் பொறுப்பான ஜோசேயிடம் கொண்டுபோய் நீட்டினேன். ஜோசே ஐம்பதைத் தாண்டிய கியூபெக் பெண்மணி. வேலை நேரத்தில் சிரிப்பதை நான் கண்டதில்லை. அன்று சிரித்தார். தொப்பியை என் தலையிலேயே வைத்து, "ஃபெலிசிதாசியோன்" என்றார். வாழ்த்துச் சொல்கிறார். எனக்கு அது கெட்ட செய்தி.

ஏன் கெட்ட செய்தி என்று ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கியாக வேண்டும். கியூபெக் மாகாணத்தில் ஆள் கிடைக்காத சில வேலைகளுக்கென்று ஒரு சிறப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். முதியோரைப் பராமரிப்பவர்கள், இறைச்சி வெட்டுபவர்கள், என்னைப் போன்ற உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் குறிப்பிட்ட காலம் அதே வேலையில் இருந்தால் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். தொழிலாளிக்கு அதில் இடம் உண்டு, மேற்பார்வையாளருக்கு இல்லை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இருக்கும் என் மனைவி மாலதியும் மகளும் இங்கே வருவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். இன்னும் சில மாதங்கள் நான் முன்னேறாமல் இருந்தாக வேண்டும்.

முன்னேறாமல் இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஒப்புநோக்குநராக, அதாவது அச்சுப் பிழை பார்ப்பவனாக இருந்தேன். தலையங்கத்தில் பிழை வந்தால் யாரும் கவனிப்பதில்லை. மரண அறிவித்தலில் ஒரு மருமகனின் பெயர் விடுபட்டால் விடிவதற்குள் அவர் அலுவலக வாசலில் நிற்பார். அந்தப் பயத்தில் கூர்மையான கண் அது. உதவி ஆசிரியர் பதவிக்கு எத்தனையோ முறை விண்ணப்பித்தேன். ஒவ்வொரு முறையும் நிர்வாகிக்கு ஒரு புதிய உறவினர் முளைத்தார். எனக்கு மிஞ்சியது கண் மட்டும். அதைத்தான் இங்கே கொண்டுவந்தேன். ஓடும் பட்டியில் கோழி நெஞ்சு இறைச்சி வரும்; அதில் எலும்புச் சில்லு இருந்தால் பொறுக்க வேண்டும். மருமகன்களைத் தவறவிடாத கண்ணுக்கு எலும்பு தப்புமா? வாழ்நாளில் முதல்முறையாக என் திறமையை ஒருவர் கண்டுகொண்டார். கண்டுகொள்ளக் கூடாத நேரம் பார்த்து.

அன்று இரவு மாலதியுடன் பேசும்போது, பதவி தந்திருக்கிறார்கள் என்ற பாதியைச் சொன்னதும் தொடர்பு அறுந்தது. மீதியை அடுத்த நாள்தான் சொல்ல முடிந்தது.

"வேண்டாம் எண்டு சொல்லப் போறீங்களோ? உங்களுக்கென்ன விசரே? நான் கோயிலடியில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"எடுத்தா நீங்கள் ரெண்டு பேரும் இங்க வரேலாது."



"அப்ப எடுக்காதேங்கோ. ஆனா நான் சொன்னதைத் திருப்பி எடுக்கேலாது."

அன்றிலிருந்து கொக்குவிலில் நான் மேற்பார்வையாளர்.

மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் சிவம் அண்ணை. அகதியாக வந்து முப்பது வருடத்துக்கு மேலாகிறது. அவரிடம் யோசனை கேட்டேன்.

"நாங்கள் வரேக்க பட்ட பாட்டைச் சொன்னா இங்க இருக்கப் பேப்பர் தந்தவங்கள். உனக்குக் கோழி பாத்தாப் பேப்பர். பேசாம ரெண்டு நாளைக்கு மோடன் மாதிரி நட. ஆரும் மோடனைச் சூப்பர்வைசர் ஆக்க மாட்டாங்கள்."

"எங்கட பத்திரிகையில ஆக்கினவங்கள், அண்ணை."

இருந்தாலும் முயன்று பார்த்தேன். மறுநாள் ஒரு எலும்புச் சில்லைக் கண்டும் காணாமல் விட்டேன். அது என்னைக் கடந்து போனது. பக்கத்தில் நின்றவரைக் கடந்தது. பொதி செய்யும் இயந்திரத்தை நெருங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. ரப்பர் சப்பாத்து வழுக்க வழுக்கப் பட்டியோடு ஓடி அதைப் பிடித்து எடுத்தேன். நிமிர்ந்தால் ஜோசே. மதிய இடைவேளையில் எல்லோரையும் கூட்டி, வேலை என்றால் இப்படிச் செய்ய வேண்டும் என்று என்னைக் காட்டினார்.

பதவி வேண்டாம் என்று சொன்னேன். சம்பளம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு கூட்டித் தருவதாகச் சொன்னார். மறுபடியும் மறுத்தேன். மற்றவர்களுக்குக் கட்டளையிடுவதை என் சமயம் தடுக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டார். எங்கள் சமயத்தில் கட்டளையிடாதவரை நான் கண்டதில்லை. அதைச் சொல்லும் அளவுக்கு என் பிரெஞ்சு வளரவில்லை. "சின்ன வேலை, பெரிய குடும்பம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. எத்தனை பிள்ளைகள் என்றார். ஒன்று என்றேன். என்னைக் கவலையோடு பார்த்தார்.

கடைசியில் சிவம் அண்ணையைத் தொலைபேசியில் பிடித்து ஜோசேயின் கையில் கொடுத்தேன். அண்ணை தன் பிரெஞ்சில் நீளமாகக் கதைத்தார். கேட்டு முடித்த ஜோசே என்னிடம் திரும்பினார்.

"நன்றாக வேலை செய்தால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா?"

ஏறக்குறைய அப்படித்தான் என்று தலையாட்டினேன். அரசாங்கத்தைப் பற்றி ஒரு சொல் சொன்னார். மாதாகோவில் சம்பந்தப்பட்ட வசைச்சொல், இந்த ஊருக்கே உரியது. பச்சைத் தொப்பியைத் திருப்பி வாங்கிக்கொண்டு, "இனிமேல் ஓடாதே" என்றார்.

அந்தத் தொப்பி கரீமுக்குப் போனது. எனக்குப் பின் சேர்ந்த மொரோக்கோக்காரன், ஏற்கெனவே நிரந்தர வதிவிடம் உள்ளவன், நல்லவன். சில்லு எப்படி இருக்கும் என்று அவனுக்குக் காட்டிக்கொடுத்தவன் நான்தான். காலம் நிறைந்ததும் என் விண்ணப்பம் போனது. பனி விழுந்து, உருகி, மறுபடியும் விழத் தொடங்கிய நேரத்தில் மூன்று பேருக்கும் அனுமதி வந்தது.

மாலதி விமானச் சீட்டு எடுத்ததும் சொன்ன முதல் விஷயம்: "எயார்போட்டுக்கு நல்ல கோட் ஒண்டு போட்டுக்கொண்டு வாங்கோ. பக்கத்து வீட்டுப் பிள்ளையும் அங்க படிக்க எங்களோட வாறாள். அவளுக்கு நீங்கள் சூப்பர்வைசர்."

கோட் வாங்கினேன். விமானம் வெள்ளிக்கிழமை பின்னேரம் வருகிறது. கரீமிடம் லீவு கேட்டேன். கிறிஸ்மஸுக்கு முந்திய வாரம், ஆள் குறைவு, யாருக்கும் லீவு இல்லை என்றான். விமான நிலையத்துக்குச் சிவம் அண்ணை போகிறார்.