கனகரத்தினத்தாரின் மல்பெரி வேலி

புத்தூரில் எங்கள் ஒழுங்கையில் கனகரத்தினத்தார் என்று ஒருவர் இருக்கிறார். அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து பென்சனோடு இளைப்பாறியவர். அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதலாமென்று யோசித்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

ஊரெல்லாம் கிளுவையிலும் பூவரசிலும் வேலி போட, இவர் மட்டும் வெள்ளை மல்பெரித் தடிகளை வேலிக் கதியாலாக நட்டார். இலை ஆட்டுக்கு, பழம் பேரப்பிள்ளைகளுக்கு, காய்ந்த இலையில் தேத்தண்ணி போட்டால் சீனி வருத்தம் குறையும் என்று போவோர் வருவோரை மறித்துப் பிரசங்கம் வைப்பார். பக்கத்து வளவுப் பிள்ளை ஒரு பழம் பொறுக்கினால் மட்டும் பிரசங்கம் வேறு மாதிரி இருக்கும்.

பக்கத்து வளவு உதயகலாவினுடையது. கணவன் கட்டார் நாட்டில் வேலை. இரு வீட்டுக்கும் பொதுவான பங்குக் கிணற்றுக்கு அவள் போகும் பாதை, தன் வளவுக்குள் அந்த வேலியோரமாகத்தான். ஆவணியில் அக்காவின் பிள்ளைப்பேறு பார்க்கக் கிளிநொச்சிக்குப் போனாள். திரும்பி வந்தபோது வேலி அவள் வீட்டுச் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. பாதை இல்லை.

"மாமா, என்ரை பாதை எங்கை?"

"வேலி எப்பவும் உதிலைதானே பிள்ளை நிண்டது. உனக்கு மறந்துபோச்சு."

கிராம அதிகாரியான விதானையார் வந்து பார்த்தார். பழைய வேலியின் அடையாளம் எதுவும் இல்லை. கையை விரித்துவிட்டுப் போனார். அதன் பிறகு உதயகலா குடத்தோடு ஒழுங்கையால் சுற்றிப் போய், கனகரத்தினத்தாரின் வளவுக்குள்ளால் கிணற்றுக்குப் போக அவருடைய வாசல் படலையில் காத்து நின்றாள். அவர் ஆறுதலாகப் பேப்பர் வாசித்து முடித்துத்தான் திறப்பார். அவளுடைய மகள் தினமும் பள்ளிக்கூடத்துக்குப் பிந்தினாள்.

ஆனால் மனிதருடைய கஞ்சத்தனம் அவருடைய கள்ளத்தனத்தைவிடப் பெரியது. புதுக் கதியால் வாங்க மனமில்லாமல், பழைய மல்பெரிகளை நிலமட்டத்தில் வெட்டி, வெட்டிய தடிகளையே தள்ளி நட்டிருக்கிறார். அடிக்கட்டைகளை மண்ணால் மூடியிருக்கிறார். ஐப்பசி மழை விழுந்தது. வேரோடு கிடந்த கட்டைகள் சும்மா இருக்குமா? பழைய வேலி நின்ற இடமெங்கும் கொழுந்துவிட்டு எழும்பின. கிள்ளினார். கிள்ளக் கிள்ள இன்னும் செழித்தன.

விதானையார் மறுபடி வந்தார்.

"அது தன்பாட்டிலை முளைச்சது ஐயா," என்றார் கனகரத்தினத்தார்.

"ஓம் மாமா, நூல் பிடிச்சு முளைச்சிருக்கு," என்றாள் உதயகலா.

கூடி நின்ற நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அன்றைக்கே வேலி பழைய இடத்துக்குப் போனது.

மனிதர் அடங்கியிருந்தது ஒரு கிழமைக்குத்தான். நேற்றுக் கோயில் வாசலில் நின்று, "பாவம், தனிச்ச பெட்டை. என்ரை காணியிலை பாதை விட்டுக் குடுத்தனான்," என்று ஊருக்குக் கேட்கச் சொன்னார். உதயகலா பக்கத்தில்தான் நின்றாள். கும்பிட்டுவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டாள். எனக்குத்தான் காறித் துப்ப வேண்டும்போல் வந்தது. கோயில் வாசல் என்பதால் விழுங்கிக்கொண்டேன்.