ஹாலில் ஒரு தோத்தோ

குமுதாவுக்கு இந்த நாட்டில் எத்தனை ஊர் தெரியும் என்று கேட்டால் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவாள். எத்தனை ரூம் தெரியும் என்று கேட்டால் எண்ணி மாளாது. மூவாரில் கல்யாணச் சீர்ப் பெட்டிகளைக் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த ரூம். கோத்தா பாருவில் பூனை குட்டி போட்டிருந்த ரூம். தைப்பிங்கில் தையல் மெஷின் இருக்கும் ரூம். முக்கால்வாசி முன்னே பின்னே தெரியாதவர்கள் வீடு. எல்லாவற்றிலும் ஓர் இராத்திரி, மிஞ்சிப் போனால் இரண்டு இராத்திரி படுத்து எழுந்திருக்கிறாள். அதுவும் தனியாக.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். குமுதா ஒரு பங்க் ராக் பேண்டில் பேஸ் கித்தார் வாசிக்கிறவள். பேண்டுக்குப் பேர் ‘சம்மன்’. கார்க் கண்ணாடியில் அபராதச் சீட்டு செருகிவிட்டுப் போவார்களே, பார்த்ததும் வயிறு எரியுமே, அதே சம்மன்தான். மொத்தம் மூன்று பேர். விஜயன் கித்தாரும் பாட்டும், ஹபீஸ் டிரம்ஸ், இவள் பேஸ். ஒன்றரை நிமிஷத்தில் ஒரு பாட்டு முடிந்துவிடும். கேட்கிறவன் காதில் அடுத்த நாள் வரைக்கும் அது முடியாது.

வாரநாள் குமுதா வேறு. வயது நாற்பத்தொன்று. மேருவில் அண்ணன் கமலநாதன் வீட்டு மாடி ரூமில் இருக்கிறாள். காலையில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்குக்குப் போக வேண்டும். டாக்டர் பக்கத்தில் நின்று, படுத்திருப்பவர் வாயில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலை. நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள், அத்தனை பேரும் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள், ஒருத்தரும் பேச முடியாது. வீட்டுக்கு வந்தால் சோறு மூடி வைத்திருக்கும். அண்ணி நல்லவள்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். "உனக்குத்தான் தனி ரூம் இருக்கே, போய் நிம்மதியா படு குமுதா" என்பாள். அவர்கள் கீழே டிவி பார்த்துச் சிரிப்பது மாடிக்குக் கேட்கும்.

பதினான்கு வருஷத்துக்கு முன்பு கிள்ளானில் பேண்டுகள் வாசித்துப் பழகும் ஒரு ஜேமிங் ஸ்டூடியோ கதவில் ‘பேஸ் ஆள் வேணும்’ என்று ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். காலேஜில் கூட இருந்தவள் விட்டுப்போன பழைய பேஸ் ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கற்றுக்கொண்டது பாதி, அடித்து விட்டது பாதி. விஜயனுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வாசலில் சல்வார் கமீஸோடு நின்றவளைப் பார்த்து, யாரையோ வீட்டுக்குக் கூப்பிட அவன் அக்கா வந்திருக்கிறாரோ என்று முழித்தான். வாசித்துக் காட்டியதும், "அக்கா, சனிக்கிழமை ஈப்போவுல ஷோ இருக்கு, வரீங்களா?" என்றான். அன்றைக்கு விழுந்த ‘அக்கா’ அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹபீஸுக்கு அவள் ‘காக்’. அக்காவேதான், மலாயில்.

இந்த மாதிரிச் சின்ன பேண்டுகளுக்கு ஹோட்டல் எல்லாம் கிடையாது. ஷோ வைக்கிற ஆள் வீட்டில்தான் படுக்கை. ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு, தோத்தோவை, அதுதான் சுருட்டி வைப்பார்களே அந்த மெல்லிசு மெத்தையை, வரிசையாக விரித்துவிடுவார்கள். வந்த பேண்டு, உள்ளூர்ப் பேண்டு, அவர்கள் கூட்டாளி எல்லாரும் அதில் நெத்திலிக் கருவாடு மாதிரிக் கிடப்பார்கள். குமுதாவுக்கு மட்டும் ரூம். தங்கச்சியை எழுப்பி அம்மாவோடு படுக்க வைத்துவிட்டு, கட்டிலுக்குத் துவைத்த விரிப்புப் போட்டு, ஃபேனை இவள் பக்கம் திருப்பி வைத்து, கதவையும் சாத்திவிட்டுப் போவார்கள். மரியாதையாம் மரியாதை! அந்த மரியாதையைத் தூக்கி லோங்காங் சாக்கடையில் போட்டால்தான் என்ன?

ஏனென்றால் பேண்டு என்பது மேடையில் அரை மணி நேரம்தான். மீதி எல்லாம் அந்த ஹாலில்தான் நடந்தது. சண்டை அங்கே, சமாதானம் அங்கே, பாட்டுக்கூட அங்கேதான் பிறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் விடிய விடியச் சிரிப்பார்கள். இந்தப் பக்கம் குமுதா யாருடைய அலமாரியையோ பார்த்தபடி படுத்திருப்பாள். காலையில் ரொட்டி சானாய்க் கடையில் ஒருத்தன் "ஏழாம் நம்பர்" என்பான், மேசையே குலுங்கும். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லக்கா, ராத்திரி பேசினது, சொன்னா சிரிப்பு வராது" என்பான் விஜயன். இவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். புரியாமல் சிரிப்பதில் இவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அவர்களுடைய பேர்போன பாட்டு ‘லைட்ட அணைங்க அங்கிள்’. பத்து வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் கடைசியில் அதைத்தான் கேட்பார்கள். மலாய்க்காரப் பையன்கள், சீனப் பையன்கள்கூட அந்த ஒரு வரித் தமிழை நரம்பு புடைக்கக் கத்துவார்கள். அது பத்து பகாட் என்ற ஊரில் ஏதோ ஒரு ஹாலில் பிறந்தது. மறுநாள் வேனில் வைத்து இவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அங்கிள் யார், எதற்கு லைட்டை அணைக்க வேண்டும், இன்றுவரை குமுதாவுக்குத் தெரியாது. முதல் மாசமே கேட்டிருக்கலாம். பத்து வருஷம் வாசித்த பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு தடவை, மூவாரில், தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய்ப் பார்த்தாள். அந்த வீட்டம்மா பதறியடித்து ஓடிவந்து, "ரூம்ல கொசுவாம்மா?" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார். கொசுவத்தியும் கொளுத்தி வைத்தார். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை.

ஆனால் ஆசை போகவில்லை. கொள்ளை ஆசை. ஒரே ஓர் இராத்திரி அந்த ஹாலில், அவர்கள் நடுவே ஒரு தோத்தோ போட்டுப் படுத்துக்கொண்டு, பேச்சு எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். அங்கிள் கதையையும் அப்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நாற்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு இப்படி ஒரு ஆசையா என்பார்கள். அதனால் சொல்லவில்லை.

இந்தத் தடவை மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின லீவில் மூன்று ஷோ. வெள்ளிக்கிழமை தைப்பிங், சனிக்கிழமை பட்டர்வொர்த், ஞாயிற்றுக்கிழமை செராஸ். தைப்பிங்கில் ஷோ வைக்கிற பையனின் அம்மா, வழக்கமான இராஜம்மா ஆன்டி வீடு, வழக்கமான தையல் மெஷின் ரூம். ஓர் அதிசயம், அன்றைக்கு ஹாலில் சிரிப்புச் சத்தமே இல்லை. மெதுவாக ஏதோ பேசுவது கேட்டது, அதுவும் கொஞ்ச நேரம்தான். பயல்களுக்கும் வயதாகிறது, அலுத்துப்போய்ப் படுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு குமுதா நன்றாகத் தூங்கினாள். பாவம், எந்த இராத்திரி விழித்திருக்க வேண்டுமோ அந்த இராத்திரி தூங்கிவிட்டாள்.

மறுநாள் எல்லாரும் அவளிடம் ஒரு மாதிரி அன்பாக இருந்தார்கள். ஹபீஸ் இடுப்பு வலியோடு அவளுடைய பேஸையும் சேர்த்துத் தூக்கினான். விஜயன் கேட்காமலே தேங்காய் ஜாம் தடவிய காயா ரொட்டி வாங்கிவந்து கொடுத்து, முன் சீட்டில் உட்காரச் சொன்னான். பட்டர்வொர்த்திலிருந்து ஹைவேயில் இறங்கி வரும்போது, இவ்வளவு வருஷத்துக்குப் பிறகாவது நாம் இவர்களுக்கு ஒரு ஆளாகத் தெரிகிறோமே என்று மனசுக்குள் பூரித்துப் போனாள்.

செராஸ் ஷோ ஒரு கடைவீட்டு மூன்றாவது மாடியில், சாயங்காலம் ஐந்து மணிக்கு. ஐம்பது அறுபது பேர் இருக்கும், ஏர்கோன் வேலை செய்யவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் விஜயன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான். மலாயில்தான் சொன்னான். இதுதான் சம்மனுடைய கடைசி ஷோ, பதினான்கு வருஷத்துக்கு நன்றி என்றான். தனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, ஹபீஸின் இடுப்பைப் பார்த்த டாக்டர் இனி டிரம்ஸ் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றான். கூட்டம் ‘ஓ’ என்றது.

குமுதா கழுத்தில் பேஸ் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த அறுபது பேருக்கு எப்போது தெரிந்ததோ, அப்போதுதான் அவளுக்கும் தெரிந்தது. ஹபீஸ் குச்சியைத் தட்டி நான்கு எண்ணினான். கை தன்பாட்டுக்கு வாசித்தது. பத்து வருஷப் பழக்கம், அதற்கு மனசு தேவைப்படவில்லை. கூட்டம் யாரோ ஓர் அங்கிளை லைட்டை அணைக்கச் சொல்லிக் கத்தியது.

மாடிப்படியில் கேபிளைச் சுருட்டும்போதுதான் கேட்டாள்.

"ஏன்டா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

விஜயன் திகைத்துப்போய் நின்றான். "ஹபீஸ் சொல்லலையாக்கா?" என்றான். ஹபீஸ் அவனைப் பார்த்தான். நீ சொல்லியிருப்பாய் என்றல்லவா நினைத்தேன் என்று மலாயில் முனகினான். இரண்டு பேர் முகமும் செத்துப்போனது. பொய் இல்லை, உண்மையாகவே இரண்டு பேரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

"தைப்பிங்ல, ஹால்ல, எல்லாரும் உக்காந்து பேசினோமேக்கா" என்றான் விஜயன். சொன்ன பிறகுதான் அந்த ‘எல்லாரும்’ அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். கேபிளைக் கீழே வைத்தான்.

குமுதா கத்தவில்லை, அழவில்லை. வழக்கப்படி அவளை மேருவில் இறக்கிவிட்டு வருவதாக விஜயன் சாவியை எடுத்தபோது, வேண்டாம் என்றாள்.

"இன்னிக்கு நான் ஹபீஸ் வீட்டுலதான் இருப்பேன். ரூம் வேணாம். ஹால்ல படுக்கிறேன்."

ஹபீஸ் வீடு அங்கேயே செராஸில்தான், தெரேஸ் வரிசை வீடு. பெண்டாட்டி பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். பட்டர்வொர்த்திலிருந்து கூடவே வந்திருந்த இன்னொரு பேண்டுப் பையன்கள் மூன்று பேரும் அங்கேதான் தங்குவதாக ஏற்பாடு. சாப்பாடு ஆனதும் ஆறு தோத்தோ விரித்தார்கள். பெண்டாட்டி ரூமில் ஏர்கோன் இருக்கிறது, புது விரிப்புப் போட்டிருக்கிறேன் என்று ஹபீஸ் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். குமுதா ஃபேனுக்கு நேர் கீழே, நடுத் தோத்தோவில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். முதல் ஷோவுக்கு மேடை ஏறியது போல இருந்தது.

ஒருத்தரும் உட்காரவில்லை. பட்டர்வொர்த் பையன்கள் சுவரோரமாக, பிரின்சிபால் ரூமுக்குக் கூப்பிட்டு அனுப்பியவர்கள் மாதிரி நின்றார்கள். ஒருத்தன் அரைக்கால் சட்டையை முழங்காலுக்கு இழுத்துவிட்டுக்கொண்டான். காக் எங்கே வேலை செய்கிறீர்கள் என்று இன்னொருத்தன் மரியாதையாகக் கேட்டான். பல் கிளினிக் என்றாள். கடைவாய்ப் பல் பிடுங்கினால் வலிக்குமா என்று மூன்றாவது ஆள் கேட்டான். ஊசி போடுவார்கள், வலிக்காது என்றாள். அவன் நன்றி சொன்னான்.

அங்கிளைப் பற்றிக் கேட்க இதுதான் நேரம் என்று அவள் வாயைத் திறப்பதற்குள் ஒருத்தன் சிகரெட் பிடிக்க வெளியே போனான். துணைக்கு இரண்டு பேர் போனார்கள். வேனை உள்ளே தள்ளி நிறுத்த வேண்டும் என்று ஹபீஸ் எழுந்தான். விஜயன்தான் கடைசி ஆள். சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார்ஜர் வேன்ல இருக்குக்கா. எடுத்திட்டு வரேன்."

வரவில்லை. ஒருத்தனும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வேன் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, ஜன்னல் வழியாக அந்தச் சிரிப்பு வந்தது. அதே சிரிப்பு. பதினான்கு வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது, இப்போது வேனுக்குள்ளிருந்து கேட்டது. யாரோ ஒருத்தன் "ஏழாம் நம்பர்" என்றான்.

சுற்றிலும் ஐந்து தோத்தோ காலியாகக் கிடந்தன. குமுதாவுக்கு அழுகை வந்தது, அழுதாள். யாரும் அவளுக்குக் கெடுதல் செய்யவில்லையே, கோபித்துக்கொள்ளக்கூட ஆள் இல்லையே என்று அழுதாள். எழுந்து வேனுக்கே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். போனால், பையன்கள் மறுபடி ஹாலுக்கு வந்துவிடுவார்கள். படுத்துக்கொண்டாள்.

காலையில் விஜயன் அவளை வீட்டில் விட வேனை எடுத்தான். முதுகை நிமிர்த்த முடியாமல் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான். ஆறு பேர் படுக்க வேண்டிய ஹாலை விட்டுவிட்டு, ஐந்து பேர் கித்தார் பெட்டிகளுக்கு இடுக்கில் சுருண்டு கிடந்தால் வேறெப்படி இருக்கும்? மெர்டேக்கா நாள், ஃபெடரல் ஹைவே காலியாக இருந்தது. கிள்ளான் டோலைத் தாண்டியதும் அவன்தான் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"நல்லா தூங்கினீங்களாக்கா?"

"தூங்கினேன்லா" என்றாள் குமுதா. "எடம் நெறைய இருந்துச்சு."