கப்பலை இடித்துவிட்டு உருகிப்போனவர்

கப்பலில் அடிபட்ட இடத்தைப் பார்த்து எழுதுவது என் தொழில். அடித்தவரை ஒருநாளும் விசாரிக்க முடிந்ததில்லை, நான் போய்ச் சேருவதற்குள் அவர் உருகிக் கடலோடு கடலாகியிருப்பார்.

மொன்றியல் துறைமுகம் பனிக்காலத்திலும் திறந்தே இருக்கும். ஆறு கடலில் கலக்கும் வளைகுடாவின் கடற்பனியை உடைத்து, ஆற்றுப்பனியில் உரசிக்கொண்டு வரும் கப்பல்களில் எங்கே நெளிந்திருக்கிறது, எங்கே தகடு தேய்ந்திருக்கிறது என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுவேன். கார் நிறுத்துமிடத்துப் பனிக்குவியலை "வெறும் பனிதானே" என்று முட்டிவிட்டு, காரின் முன்பக்கத்தைக் கையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உங்களிலும் இருப்பார்கள். கையைத் தாருங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

முதல் தரிசனம்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாசி மாதம், ஒரு சரக்குக் கப்பலின் முன்பக்கத்தைக் கரையில் நின்று பார்த்தேன். தண்ணீர் மட்டத்தில் வண்ணம் முழுக்க உரிந்து, இரும்பு தேய்த்துக் கழுவிய சட்டி மாதிரிப் பளபளத்தது. தகடு உள்ளே அமுங்கி, பின்னாலிருக்கும் விலாச் சட்டங்கள் வரிவரியாகத் தெரிந்தன. இரண்டு விரல் தடிப்புள்ள இரும்பு! மெலிந்த மாட்டின் வயிறு போலக் கிடந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் அல்ல, கோயிலில் திரை விலகும்போது வருமே, அது.

பக்கத்தில் யூட் அண்ணை நின்றார். மன்னார்க்காரர், எங்கள் நிறுவனத்தில் வெல்டிங் வேலை. நான் வாயைப் பிளந்து நின்றதைக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தங்கச்சி, கும்பிடுறதெண்டால் கெதியாக் கும்பிட்டுட்டு அளவை எடு, எனக்குக் கை விறைக்குது."

மச்சாளின் சந்தேகம்

மொன்றியலுக்கு எதிர்க்கரை புரோசார்ட்டில் ஒரு பிறந்தநாள் வீடு. என் மச்சாள், கையில் ஐஸ் மிதக்கும் ஜூஸோடு வந்து கேட்டாள்: தண்ணீர் உறைந்ததுதானே, அது எப்படி இரும்பை நெளிக்கும்? இந்தக் கேள்வியை எனக்கு வருடத்துக்குப் பத்துப் பேராவது கேட்பார்கள்.

கடல்நீர் உறையும்போது உப்புநீர் சின்னச் சின்னப் பைகளாக உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். அதனால் இந்த வருடம் பிறந்த பனி கொஞ்சம் மெத்தென்று இருக்கும். ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்துவிட்டால் உப்பு வடிந்து போய்விடும், மிஞ்சுவது கல். அதிலும் மிதக்கும் பனிமலையிலிருந்து உடைந்த துண்டு கடலில் உறைந்ததே அல்ல, நிலத்தில் பல காலம் இறுகிய நல்ல தண்ணீர். வீடளவு துண்டு மிதந்தாலும் வெளியே தலை மட்டும்தான் தெரியும், அலை அடித்தால் ராடாரிலும் தெரியாது. இவ்வளவையும் மூச்சு விடாமல் சொன்னேன். மச்சாள் தன் மாமியார் இருந்த பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப மனிசர் மாதிரித்தான், வயசு போகப்போகப் பிடிவாதம் இறுகுது."

பாலத்தின் கால்

பங்குனியில் ஒருநாள் மகளோடு சென்-லம்பேர்ப் பக்கத்து ஆற்றங்கரையில் நின்றேன். பழைய ரயில் பாலத்தின் தூண்கள் நீரோட்டத்தை நோக்கிச் சரிவான மூக்கோடு நிற்கும். ஒரு பெரிய பனிப்பாளம் மெதுவாக வந்தது. முட்டும், தூண் ஆடும் என்று மகள் என் கையை இறுக்கினாள். பாளம் சரிவில் ஏறியது, ஏறியது, பிறகு தன் பாரம் தாங்காமல் தானே முறிந்து இரண்டு பக்கமும் விழுந்தது. நேர்ச்சுவராக இருந்தால் பனியை நொறுக்கவேண்டும், அதற்குப் பல மடங்கு பலம் வேண்டும். பனியுடைக்கும் கப்பலின் முகப்பும் இதே வித்தைதான் செய்கிறது: மேலே ஏறி அமுக்கி முறிக்கும். இதைச் சொல்ல நான் வாயெடுக்குமுன் மகள் முந்திக்கொண்டாள்: "அம்மா, பாலம் ஒண்டும் செய்யேல்லை, சும்மா நிண்டதுதான்!"

துரு

இனி நான் பெருமைப்பட முடியாத கதை. போன பனிக்காலம் ஒரு கப்பல் வந்தது. அதில் கப்டனுக்கு அடுத்தவரான சீஃப் ஆபீசர் அந்தோணி, தூத்துக்குடிக்காரர். நியூஃபவுண்லாந்துத் தீவுக்கு அப்பால், ஏழு நாளைக்கு முன், அலை நுரை என்று நினைத்த ஒன்று பனிக்கட்டியாக இருந்து லேசாக உரசிற்று என்றார். முன்பக்கத்தில் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று பளபளக்கும் கீறல். மற்றது செந்துரு பிடித்த நெளிவு. பளபளப்பதுதான் புதிய அடி என்று நினைத்து, துருவேறியதைப் "பழைய நெளிவு, பயணத்துக்குத் தடையில்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். கப்பல் பின்னேரம் மூன்று மணிக்கு, இருபத்தொரு பேரோடு, வந்த வழியே பனிக்குள் திரும்பவேண்டும்.

அந்த வியாழன் மத்தியானம் சாப்பிடும்போது யூட் அண்ணை தன் காரைப் பற்றிப் புலம்பினார். கதவில் யாரோ உரசிவிட்டார்களாம், வீதி உப்புப் பட்டுச் செம்பழுப்பாகிவிட்டதாம். எப்போது உரசியது என்று கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "இப்ப ஞாயித்துக்கிழமைதான், பூசைக்குப் போய் வரேக்கை."

இரண்டாவது கையெழுத்து

நாலு நாளில் கார் துருப்பிடித்தால், ஒரு கிழமை கடல்நீரில் கிடந்த இரும்பு? பளபளத்த கீறல் நேற்று ஆற்றுப்பனி சுரண்டியது. துருவேறிய நெளிவுதான் அந்தக் கடற்கட்டியின் அடி. ஓடினேன். கப்பலேறி, முனைக்குள் இருக்கும் முன்தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். ஆற்றில் வழிநடத்தும் பைலட் வரப்போகிறார், காலையில் சரியென்றவள் மத்தியானம் இல்லையென்கிறாயா என்று கப்டன் சீறினார். வெட்கமாக இருந்தது. ஓம், என் பிழை, தொட்டியைத் திறவுங்கள் என்றேன்.

காற்றோட்டம் விட்டு, வாயு அளந்து, அந்தோணியும் நானும் இறங்கினோம். டோர்ச் வெளிச்சத்தில் நெளிவின் பின்பக்கம் தெரிந்தது. வண்ணம் அப்போதுதான் உதிர்ந்ததுபோலத் தரையில் சிதறியிருந்தது. மூன்று விலாக்கள் மடிந்திருந்தன. நடு விலாவிலிருந்து தகட்டுக்குள் ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு ஓடியது. அதன் வழியே ஆற்றுநீர் மெல்லக் கசிந்துகொண்டிருந்தது. பனிக்குள் இன்னொரு அடி விழுந்திருந்தால் அந்த இடம் திறந்திருக்கும். அந்தோணி கையுறையைக் கழற்றி வெடிப்பின்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னிக்கு அது மோதினப்போ என் டீ கூடச் சிந்தல மேடம்."

கப்பல் அன்று புறப்படவில்லை. என் சொந்த வரியை நானே வெட்டி இரண்டாந்தரம் கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரம்தான் நான் எழுதியதிலேயே அசிங்கமானது, சரியானதும் அதுதான்.