கேமராவுக்குப் பின்னால் அத்தான்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், தக்கலையில் அக்கா வீட்டில் ஒரு பேய்ப்படம் பார்த்தேன். மீன்குழம்பு சாப்பிட்ட கையோடு பேய்ப்படமா என்று கேட்காதீர்கள். அக்கா மகள் பெனிட்டாவின் லேப்டாப்... அவள் இஷ்டம்.

வழக்கமான பேய் இல்லை. கொலுசு, வெள்ளைச் சேலை எதுவும் கிடையாது. டாக்குமெண்டரி மாதிரியே எடுத்திருக்கிறார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு வெளிநாட்டுக் குடும்பம். அப்பா, அம்மா, தங்கை என ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் உட்கார்ந்து நிதானமாகப் பேசுகிறார்கள். அவன் இறந்த பிறகு எடுத்த வீட்டு வீடியோ ஒன்றை ஓட்டிப் பார்த்தால் – ஜன்னல் ஓரம் அவன் நிற்கிறான்.

பெனிட்டா தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கும் முதுகு சில்லிட்டது. அக்கா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இதுல பேடிக்க என்ன இருக்கு? அந்தத் தாய்க்கு அவன இன்னொருக்கா பாக்கக் கிடைச்சுல்லா.”

அத்தான் மாரடைப்பில் போய் எட்டு மாதம்தான் ஆகிறது.

படம் முடிந்ததும் அக்கா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். அதற்குள் பழைய சிடிகள். துபாயிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அத்தான் கையில் கேம்கார்டர் இருக்கும். எல்லாம் அவர் எடுத்தவை.

“இதுல அப்பா எங்கனயாவது உண்டா பாரு மக்களே,” என்றாள் பெனிட்டாவிடம்.

பார்த்தோம். கிறிஸ்துமஸ் குடில், பெனிட்டாவின் பத்தாவது பிறந்தநாள், பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் தலை நிறைய முடியோடு நான்... எல்லோரும் இருந்தோம். எடுத்தவர் மட்டும் இல்லை. குரல்தான் வந்தது. “ஏட்டி, இங்க பாரு. மச்சான், கண்ண மூடாத.”

கடைசி சிடி. புதுச்சேலை கட்டி, பீரோ கண்ணாடி முன்னால் அக்கா தலை சீவுகிறாள். பெனிட்டா சட்டென்று நிறுத்தினாள்.

கண்ணாடியில், அக்காவின் தோளுக்குப் பின்னால், லுங்கி கட்டிய ஓர் ஆள். பாதி முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. மீதிப் பாதி சிரித்துக்கொண்டிருந்தது.

“அப்பமே தொப்பை வந்தாச்சு, பாத்தியா?” என்றாள் அக்கா. சிரித்தாள். பிறகு அழுதாள் – அடக்கத்தன்றுகூட அழாதவள்.

நினைத்துப் பாருங்கள். எல்லா வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கிறார், இல்லையா? நம்மையெல்லாம் சிரிக்கச் சொல்லிவிட்டு, தான் ஒதுங்கி நிற்பவர்.

ஒரே ஒருமுறை, அவர் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கிவிடுங்கள்.