மஞ்சள் கிளிப்பு

"இன்னா ஞானம், என் மஞ்ச கிளிப்பு எங்க கீது?"

"கொடியில. உங்க பனியனப் புடிச்சுகினு கீது."

"அது கிளப்பு சொத்து. அதுல போயி துணி காயப்போடுவியா?"

"கிளப்பு சொத்து எதுக்கு உங்க சட்டைக் காலர்ல ஊட்டுக்கு வருது? துவைக்கும்போது கையில கிடைச்சுது. மாட்டிட்டேன்."

"நீயே சொல்லு பேபி. உங்க அக்காவாண்ட எப்படிப் பேசுறது?"

பேபி நான்தான். ஞாயிறு காலைப் பூசை முடித்து அம்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் போனால், பெரும்பாலும் இந்தப் பேச்சுதான் நடந்துகொண்டிருக்கும்.

மாமா ஜேசுராஜுக்குத் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. மயிரிழை பிசகிய உதிரிப் பாகத்தையும் திருப்பி அனுப்புகிறவர். ஒரு துணிக் கிளிப்பை மட்டும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டார்.

கிளிப்பின் கதை இதுதான். ரேடியோவால் ஓட்டும் சின்ன விமானம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலைவரிசை உண்டு. அலைவரிசைக்கு ஒரு நிறம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ரேடியோவைப் போட்டால் விமானம் இரண்டு பேர் சொல்வதையும் கேட்காது, விழுந்துவிடும். அதனால் நிறத்துக்கு ஒரு கிளிப்பு, பலகையில் தொங்கும். அதை எடுத்து ஏரியலில் மாட்டியவர் மட்டுமே ரேடியோவைப் போடலாம். இந்த விதியைச் செய்தவரே மாமாதான். அவர் சொல்லச் சொல்லத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தது நான்.

எண்பத்தாறில் கிளப்பைத் தொடங்கியபோது மூன்றே பேர். மாமா, தபாலாபீஸ் வரதன், அண்ணனூர் ரயில் ஷெட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்த கன்னியப்பன். இருந்ததோ ஒரே விமானம். அதுவும் பாதி நாள் கருவேல மரத்தில். ஆனாலும் பெயர்ப் பலகை எழுதியாயிற்று. கோடையில் அண்ணனூர் ஏரி வற்றியதும் அங்கே ஓட்டுவார்கள். மழை வந்தால் கிளப்புக்கு லீவு. வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் உறுப்பினரானார்கள், ஆவடியிலிருந்து நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அவர்கள் வாங்கிய இஞ்சினோடு வந்த ஆங்கிலப் புத்தகங்களைப் படித்துச் சொல்வது என் வேலையானது. கிளிப்பு மட்டும் வாரா வாரம் அக்கா வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

தொண்ணூற்றிரண்டு மே மாதம் வரதன் தன் புது விமானத்தைக் கொண்டுவந்தார். ஒரு வருஷம் சாப்பாட்டு மேசையை அடைத்துக்கொண்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு செய்தது. அழகாக எழும்பி ஏரியை ஒரு சுற்று வந்தது. இரண்டாவது சுற்றில் மூக்கைக் கவிழ்த்து, காய்ந்த சேற்றில் நேராகக் குத்தியது.

"எவன்பா மஞ்சளப் போட்டது?" என்றார் வரதன்.

தாமதமாக வந்து சேர்ந்த மாமா, கரை மரத்தடியிலிருந்து ரேடியோவோடு இறங்கி வந்தார். "நான்தான். என் பிளேன் வாலு ஆடுதான்னு பார்த்தேன். கிளிப்பு என்னாண்ட கீது பாரு."

காலரில் கிளிப்பு இருந்தது. வரதன் தன் ஏரியலைக் காட்டினார். அதிலும் ஒரு மஞ்சள் கிளிப்பு.

"இது ஏது?"

"நான்தான் அண்ணாத்தே பெயிண்ட் அடிச்சேன்," என்றார் கன்னியப்பன். "உன் கிளிப்பு உன் ஊட்ல குடித்தனம் பண்ணுது. நாங்க இன்னா, உன் கொடியாண்ட வந்து நின்னுகினா ஓட்டுறது?"

"கலருக்கு ஒரு கிளிப்புதான். சட்டத்துல கீது. பேபி, படிச்சுக் காட்டு."

எதிரே விமானம் இரண்டாகக் கிடக்கிறது. இவர் என்னைச் சட்டம் படிக்கச் சொல்கிறார்.

"தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?" என்று கேட்டார் வரதன். யாரும் சிரிக்கவில்லை. அவர் உடைந்த இறக்கையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கு மாமாவைத் தவிர யாரும் வரவில்லை. மற்றவர்கள் வேப்பம்பட்டில் அறுவடை முடிந்த வயல் ஒன்றைப் பிடித்துவிட்டார்கள். மாமாவின் விமானத்தை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடித் தள்ளிவிட்டால்தான் அது எழும்பும். அக்கா, "நான் சேலையோட ஓடணுமா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள். வாரா வாரம் அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவார், அப்படியே திரும்புவார். "சட்டப்படி நான்தான் சரி" என்று சாப்பிடும்போதும் சொல்வார். அக்கா ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு அவர் அதைச் சொல்வதும் நின்றது. விமானம் கட்டிலுக்கு மேலே தூசி படிந்து தொங்கியது.

கடைசியில் கன்னியப்பன்தான் வந்தார். "வரதன் வரேன்றாரு. எல்லாருக்கும் சம்மதம். ஒண்ணுதான்: கிளிப்புங்க ஓட்டுறவங்க கையில இருக்கக் கூடாது. ஓட்டாத ஆளா, உனக்குப் பயப்படாத ஆளா ஒண்ணப் புடி."

இன்று கிளப்பில் முப்பது பேருக்கு மேல். பூந்தமல்லியிலிருந்து காரில் வருகிறார்கள். பலகையில் ஆணி போதாமல் வேறு பலகை அடித்தாயிற்று. மாமா இன்னும் காலரைத் தடவிக்கொண்டுதான் வருகிறார், எனக்கும் இன்னும் எரிச்சல்தான். ஆனால் அன்று கன்னியப்பன் போனபின் அவர் கொடியிலிருந்து மஞ்சள் கிளிப்பைக் கழற்றி வந்து, முதல் தடவையாகக் குரலை உயர்த்தாமல் என்னிடம் கேட்டார்:

"பேபி, நீ வச்சுக்கோ. சாயந்தரம் கிளப்புலேர்ந்து நான் கெளம்பும்போது என் சட்டயத் தடவிப் பாரு. இருந்தா புடுங்கிக்கோ. சட்டம் பேசுனேன்னா காதுல வாங்காத."