மாடி வீட்டு ஃபோகஸ் லைட்

எங்கள் தெருவுக்குத் தெருவிளக்கு வராத காலம் அது. மண்ணூர்பேட்டையைத் தாண்டிப் புதிதாக மனை பிரித்த இடத்தில் ஒரு வீட்டைக் கட்டிக் குடிவந்திருந்தோம். என் கணவர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுபவர். பொழுது சாய்ந்த பிறகுதான் சைக்கிளில் வருவார். டைனமோ விளக்கு மினுக்மினுக்கென்று எரியும். எதிரில் வருபவருக்கு அது ஓர் அடையாளம், அவ்வளவுதான். இருட்டில் மண்ரோடு சாம்பலாகத் தெரியும், பள்ளம் கறுப்பாகத் தெரியும், அது போதும் என்பார். பல வருடம் அப்படித்தான் வந்தார். ஒரு கீறல் பட்டதில்லை.

பிறகு துபாயில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் எங்களுக்கு எதிரில் மாடி வீடு கட்டினார். கைப்பிடிச் சுவரின் மேல் ஹாலஜன் ஃபோகஸ் லைட் ஒன்றைப் பொருத்தினார். தரையைப் பார்த்து வைத்திருந்தால் எனக்கென்ன? தெருவில் வருபவன் முகத்தைப் பார்த்து வைத்தார். சாயங்காலம் போட்டால் விடியும்வரை எரியும், அவர் வீட்டுக் கரண்டில். தெருவே அவரைக் கும்பிட்டது. எனக்கு மட்டும் வயிற்றெரிச்சல் என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஒருநாள் தெருமுனைக் கடையில் உப்பு வாங்கித் திரும்பினேன். என் வீடு எனக்கே தெரியவில்லை. எதிரே வெள்ளையாக ஒரு பிழம்பு, அதற்குக் கீழே எல்லாம் மை. மாடி வீட்டை ஒட்டிய காலி மனையில், ரோட்டோரமாகவே செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டி, பக்கத்தில் செங்கல் அடுக்கியிருந்தார்கள். அந்தச் செங்கல்லின் நிழல் ரோட்டையும் குழியையும் ஒன்றாக மூடியிருந்தது. இந்த வழியாகத்தானே இவர் தினமும் சைக்கிளில் வருகிறார் என்று நினைத்தேன்.

கணவரிடம் சொன்னேன். “உடுமே. ஊருக்கே நல்லது பண்ணிகினு கீறாரு, நாம போயி இன்னா கேக்கறது?” என்றார். அவருக்கு எப்போதும் அடுத்தவர் மனம் நோகக் கூடாது. எனக்கு அந்த வியாதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த கையோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

“அண்ணே, லைட்டு ரோட்டுல வர்றவங்க கண்ணுல அடிக்குது. கொஞ்சம் கீழ பாக்கத் திருப்பி உடுங்க. இல்ல, மேல ஒரு தகரத்த வளச்சிக் கட்டுங்க. பக்கத்துல குழி கீதுண்ணே.”

அவர் சிரித்தார். “இன்னாக்கா நீ? லைட்டு கேட்டு ஊரே மனு குடுத்துகினு கீது. நீ வேணான்ற?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “குழி தெரியறதுக்குத்தானேக்கா லைட்டே!”

அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். வேறென்ன செய்ய?

மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், இருட்டிய பிறகு, சைக்கிள் விழுந்த சத்தம் கேட்டது. மனிதர் கத்தியது அதற்குப் பிறகுதான் கேட்டது. ஓடினேன். தெருவே ஓடிவந்தது. ஊசி விழுந்தால் பொறுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். அதில் நின்றுகொண்டு டார்ச் அடித்துத்தான் என் கணவரைக் குழிக்குள் தேடினோம்.

மாடி வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சேற்றோடு இவரைத் தூக்கித் தன் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். ஆனால் முட்டி நொறுங்கியது நொறுங்கியதுதான். நின்று வேலை பார்க்க முடியாதவருக்கு லேத்தில் இடமில்லை. கட்டுப் பிரித்த பிறகு, கைத்தடியோடு வாசல்வரை வருவார். எதிர் வெளிச்சத்தைக் கண்டதும் திரும்பிவிடுவார். பொழுது சாய்ந்தபின் தெருவில் கால் வைக்கவே அவருக்குப் பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

தெருவில் கூடிப் பேசினார்கள். வெளிச்சம் போதவில்லை என்று முடிவானது. மாடி வீட்டுக்காரர் இரண்டாவது ஃபோகஸ் லைட்டையும் மாட்டிவிட்டு, எங்கள் வீட்டுக்கு வந்து என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணாத்தே, உன் பேரச் சொல்லித்தான் போட்டேன். இனிமே இந்தத் தெருவுல எவனும் உழக்கூடாது.”

அவர் கண் கலங்கியிருந்தது. என் கணவர் நன்றி சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன். அந்த விளக்கின் வெளிச்சம் எங்கள் ஜன்னல் வழியாக நேரே கட்டிலில் விழுந்தது. ஜன்னலுக்குப் போர்வையை ஆணியடித்து மாட்டினேன். அப்படியும் அவர் கண்ணில் துண்டு போட்டுக்கொண்டுதான் படுத்தார்.

கோடையில் ஒருநாள் முன்னிரவில் கரண்ட் போனது. தெரு முழுக்கச் சலித்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. நாங்களும் வந்து உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் கை கொடுப்பதற்குள் தடியை ஊன்றி எழுந்தார். “தெரியுதுமே” என்றார். “ரோடு நல்லாத் தெரியுது.”

தனியாக நடந்தார். தெருமுனைவரை தடியின் சத்தம் போவது கேட்டது. திரும்பி வருவதும் கேட்டது. விழுந்ததிலிருந்து அவ்வளவு தூரம் அவர் நடந்ததில்லை. கரண்ட் வரக்கூடாது என்று வாய்விட்டே ஜெபம் செய்தேன்.

வந்துவிட்டது. பிள்ளைகள் ஹோவென்று கத்தின, பெரியவர்கள் கைதட்டினார்கள், இரண்டு விளக்கும் ஒன்றாக எரிந்தன. அவர் நடுரோட்டில் தடியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தேன்.

“எங்கமே கீற?” என்று அப்போதும் என்னைக் கேட்டார்.