தூணுக்கு வசனம் கிடையாது

வேஷ டிரஸ் வாடகைக்கு விடுற கடையில் அசுரர்களைவிடச் சாமிகளுக்குத்தான் ரிப்பேர் அதிகம். இப்பவும் என் மடியில் ஒரு கிரீடம். உதிர்ந்த கல்லை எல்லாம் பசை வச்சு ஒட்டிக்கிட்டிருக்கேன். ஒரு கல் காயற நேரத்தில் இங்கே ரெண்டு வரி எழுதிக்கிறேன். பிள்ளைக்கு வேஷம் கட்டி ஆண்டு விழாவுக்குக் கூட்டிட்டுப் போய், கண் மை கரையாம பார்த்துக்கிட்டு நின்ன அம்மாக்களுக்கு நான் சொல்லப்போறது புரியும்.

எங்க கடை பாலக்கரையில். முதலாளியை எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். என் பொண்ணு மூணாவது படிக்கிற ஸ்கூலில் இந்த வருஷம் இரணியன் நாடகம். டி.வி.யில் எப்பவாவது போடுவாங்களே, பழைய கறுப்பு வெள்ளைப் படம், அதை அப்படியே மேடையில் கொண்டுவரணும்னு மிஸ் சொல்லிட்டாங்க. டிரஸ் எல்லாம் எங்க கடையிலேர்ந்துதான்.

இரணியனுக்கு என்ன கலர்?

இரணியனா நடிக்கிற பையனோட அப்பா முதலில் வந்தார். செல்போனில் படத்தை ஓடவிட்டு, ராஜா சிம்மாசனத்தைவிட்டு எழுந்திரிக்கிற இடத்தில் நிறுத்தி, இதே மாதிரி வேணும்னார். ஜரிகை வச்ச சிவப்பு வெல்வெட் அங்கியை எடுத்துக் காட்டினேன். போனைப் பார்த்தார், அங்கியைப் பார்த்தார். படத்தில் சிவப்பு இல்லையேன்னார். படத்தில் எந்தக் கலருமே இல்லைங்கன்னு சொல்ல வந்தேன். எனக்குத் தொண்டை வரைக்கும்தான் வரும், அதுக்கு மேலே வராது. பச்சை காட்டினேன், ஊதா காட்டினேன். எதுவும் ஒத்துவரலை.

பாய் எழுந்து வந்தார். வெள்ளைக்காரத் துரை வேஷத்துக்கு வச்சிருந்த சாம்பல் கலர் கோட்டை எடுத்து நீட்டினார். அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம். இதான், இதேதான்னு வாங்கிட்டுப் போனார். அவர் படியிறங்கினதும் பாய் என்கிட்ட சொன்னார்: "விழா அன்னைக்குப் பையன் மூஞ்சிக்கும் சாம்பல் பூசிவிட்டுரும்மா, இல்லன்னா அவன் மட்டும் கலர்ல தெரிவான்."

சிரிக்கிற சிங்கம்

நரசிம்மரா நடிக்கிற பையனை அவங்க அம்மா ஸ்ரீரங்கத்திலிருந்து கூட்டிட்டு வந்தாங்க. சிங்க முகமூடியை மாட்டிவிட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். பையன் தன்னையே பார்த்து அலறி, அம்மா புடவைக்குள்ள பூந்துட்டான். உக்ரமா வேண்டாம், சாந்தமா ஒரு முகம் இருந்தா தாங்கோன்னு அவங்க கேட்டாங்க. சிங்கம் சாந்தமா இருந்தா இரணியனை யார் கிழிக்கிறதுன்னு பாய் முணுமுணுத்தார்.

நான் பெயின்ட்டை எடுத்துக் கோரைப்பல்லை மறைச்சேன். வாயோரத்தைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன். நாமத்தைப் பளிச்சுன்னு போட்டேன். பையன் தொட்டுப் பார்த்துச் சிரிச்சான். அந்த அம்மா முகமூடியைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னாங்க: "இப்பதான் நம்ம பெருமாளா இருக்கார். வதத்தை முடிச்சுட்டு அப்படியே பிரசாதமும் குடுப்பார் போலிருக்கு."

அட்டைக்குப் பின்னால்

என் பொண்ணு யாழினிக்கு நாடகம் முழுக்கத் தெரியும். நான் தைக்கிற மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தவ. வீட்டில் இரணியனும் அவதான், பிரகலாதனும் அவதான். இரணியனா பேசுறப்ப தலையணையை உதைப்பா. வெளியாள் ஒருத்தர் வந்துட்டா என் முதுகுக்குப் பின்னால் போயிடுவா. அந்தக் கூச்சம் என்கிட்டேர்ந்து வந்தது. வேற சொத்து எதுவும் நான் அவளுக்குச் சேர்த்து வைக்கலை.

இதுக்கெல்லாம் முன்னாடி, யாருக்கு எந்த வேஷம்னு பிரிக்கிற அன்னைக்கு ஸ்கூலுக்குப் போனேன். அவளுக்குப் பிரகலாதன் வசனம் தெரியும் மிஸ், ஒரு தடவை கேட்டுப் பாருங்கன்னு சொல்லணும். பஸ்ஸில் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டேதான் போனேன். நான் எட்டாவதோட நின்னவ, மிஸ் மேஜையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு. என்ன விஷயம்மான்னாங்க. டிரஸ் அளவு எடுக்க வந்தேன்னு சொல்லிட்டேன். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டித் தூண் செஞ்சிருந்தாங்க. அது சாயாம உள்ளே நின்னு பிடிச்சுக்க ஒரு பிள்ளை வேணும். மிஸ் அன்பாத்தான் சொன்னாங்க: "யாழினிக்கு ஏத்த ரோல்மா, தூணுக்கு வசனமே கிடையாது."

இருக்கேன்

விழாவில் நான் மேடை ஓரத்தில், திரை மறைவில், வாயில் ஊக்கைக் கவ்விக்கிட்டு நின்னேன். சாம்பல் கோட்டு இரணியன் கதாயுதத்தை ஓங்கி, உன் சாமி இந்தத் தூணில் இருக்கானான்னு கேட்டான். பிரகலாதன் கூட்டத்தைப் பார்த்தான். மறந்துபோச்சு. உதடு துடிக்குது. இரணியன் மறுபடி கேட்டான். மைக்கில் அந்தப் பிள்ளையோட மூச்சு மட்டும்தான் கேட்டுச்சு.

அப்ப தூணுக்குள்ளேர்ந்து கணீர்னு ஒரு குரல், "இருக்கேன்."

அட்டெண்டன்ஸுக்குக்கூடக் குரல் வராதுன்னு மிஸ் குறை சொல்ற அதே பொண்ணு. கூட்டம் அப்படியே அடங்கி, அப்புறம் கைதட்டிச்சு பாருங்க, சிங்கம் சிரிச்சுக்கிட்டு வந்ததை யாருமே கவனிக்கலை. முடிஞ்சதும் எல்லாப் பிள்ளையும் முன்னால் வரிசையா நின்னு கும்பிட்டாங்க. தூணை ஓரமா சாத்தினவங்க, அதோட என் பொண்ணையும் சேர்த்துச் சாத்திட்டாங்க. சிறப்பு விருந்தினரா வந்தவர் என் பக்கத்தில் நின்னுதான் மிஸ்கிட்ட கேட்டார்: "பிரமாதம்மா, அந்தத் தூணுக்குள்ள ஸ்பீக்கரை எப்படி மறைச்சீங்க?"

வரும்போது

எம் பொண்ணுங்கன்னு சொல்லணும். ரெண்டே வார்த்தை. வாயிலிருந்து ஊக்கை எடுத்தேன், வார்த்தை வரலை. மிஸ்ஸும் ஒண்ணும் புரியாம சிரிச்சு வச்சாங்க. அவர் இறங்கிப் போயிட்டார்.

பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு கிடைச்சும் யாழினி வெளியே பார்க்கலை. அது நான்தான்னு அவங்ககிட்ட சொன்னியாம்மான்னு கேட்டா. நான் டிக்கெட்டை மடிச்சுக்கிட்டே இருந்தேன். அவ திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னா: "பரவால்லம்மா, சாமின்னே நினைச்சுக்கட்டும்."

ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குச் சாமி வேஷம் கட்டிவிட்டாச்சு, வாயைத் திறக்கிற வேஷம் மட்டும் எங்க கடையில் வாடகைக்கு இல்லை. ஆனாலும் இரணியனோட கதாயுதம் இன்னும் ஸ்கூலில்தான் கிடக்கு, நாளைக்கு அதை எடுக்கப் போறப்ப நேரா மிஸ் மேஜைக்கு முன்னால் நின்னு, அது ஸ்பீக்கர் இல்லைங்க மிஸ், உள்ளே இருந்தது என் — பாய் கூப்பிடுறார், இதோ வந்துட்டேன் பாய்.